பிள்ளைகள் முதலில் கடலைப் பார்க்கட்டும்



இந்த மாதப் பாடம் பிள்ளை வளர்ப்பைப் பற்றியது. நாங்கள் செய்த ஒரு தவறிலிருந்து இதைத் தொடங்குகிறோம்.

2025ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையிலிருந்து நம் செங்கல்பட்டு மாவட்டம் வரை, கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான கடலாமைகள் இறந்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோடை விடுமுறையில் நம் அறக்கட்டளை நடத்திய தீனிய்யாத் வகுப்பில், ஒரு நாளைச் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கினோம். இறந்த ஆமைகளின் படங்களைப் புரொஜெக்டரில் காட்டினோம். நெகிழிக் குப்பை, கடல் மட்டம் உயர்வது, காடு அழிவது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னோம். “இதற்கெல்லாம் மனிதன்தான் காரணம், நாமும் காரணம்” என்று முடித்தோம். பிள்ளைகள் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடம் நன்றாகப் பதிந்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

நான்கு நாள் கழித்து ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். வகுப்பில் இருந்த ஏழு வயதுப் பையனின் தாய்.

“அண்ணே, நீங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க. ஆனா இவன் கடற்கரைப் பக்கமே வர மாட்டேங்கிறான். ராத்திரி எழுந்து உட்கார்ந்து, ‘அம்மா, நாம போட்ட கவரைத் தின்னுதான் ஆமை செத்துச்சா?’ன்னு கேக்கிறான். நான் என்ன பதில் சொல்றது?”

எங்களிடமும் பதில் இல்லை. அந்தப் பையன் உயிருள்ள கடலாமையைப் பார்த்திருக்கிறானா என்று கேட்டோம். இல்லை என்றார். ஆமை கரையேறிப் போன தடத்தையாவது? அதுவும் இல்லை. கடலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில்தான் வீடு. ஆனாலும் அவனுக்குக் கடற்கரை என்றால் சுண்டல், குதிரைச் சவாரி, பலூன் சுடுவது, அவ்வளவுதான். கடலாமை என்ற படைப்பை நாங்கள்தான் அவனுக்கு முதன்முதலில் அறிமுகம் செய்து வைத்திருக்கிறோம், அதுவும் பிணமாக!

இன்னும் நேசிக்காத ஒன்றுக்காகத் துக்கப்படச் சொன்னோம். தான் செய்யாத ஒன்றுக்காகக் குற்ற உணர்வை ஏற்றி வைத்தோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுமையைத் தாங்கத் தோள் ஏது? சுமை கனத்தால் பிள்ளை ஒன்று பயந்து ஒதுங்கும், இல்லையென்றால் மரத்துப் போகும். இரண்டுமே நாம் விரும்பியதற்கு நேர் எதிர்.

மார்க்கம் காட்டும் வரிசை

இதைப் பற்றி உஸ்தாதுகளோடு உட்கார்ந்து பேசியபோது, நமக்குத் தெரிந்த பாடத்தையே நாம் மறந்துவிட்டோம் என்று புரிந்தது.

குர்ஆன் மனிதனிடம் பேசும் முறையைக் கவனியுங்கள். அத்தியாயங்களின் பெயர்களிலேயே தேனீ இருக்கிறது, எறும்பு இருக்கிறது, சிலந்தி, யானை, பசு எல்லாம் இருக்கின்றன. அல்காஷியா அத்தியாயத்தில் அல்லாஹ், ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது, வானம் எப்படி உயர்த்தப்பட்டிருக்கிறது, மலைகள் எப்படி நிறுத்தப்பட்டிருக்கின்றன, பூமி எப்படி விரிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க மாட்டார்களா எனக் கேட்கிறான். அந்தச் சமூகத்தார் தினமும் ஏறிப்போன பிராணியையும், தினமும் நிமிர்ந்து பார்த்த வானத்தையும், கால் மிதித்த தரையையும்தான் காட்டினான். எங்கோ தொலைவில் இருப்பதைத் தேடச் சொல்லவில்லை. அல்முல்க் அத்தியாயத்திலும், தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைப் பார்க்கும்படிதான் கேட்கிறான். பூமியில் ஊரும் பிராணிகளும் சிறகடிக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது.

நபி (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதே வழியைக் காண்கிறோம். அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு தம்பி இருந்தார். அந்தச் சிறுவர் ஒரு சின்னக் குருவியை வைத்து விளையாடிக்கொண்டிருப்பார். நபியவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போது, சிறுவரைச் செல்லமாகப் பெயர் சொல்லி அழைத்து, அவருடைய குருவியைப் பற்றி விசாரிப்பார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிற செய்தி இது. உலகுக்கே தூதராக வந்தவர்கள், ஒரு குழந்தையின் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்று பேசியிருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி முஸ்லிமில் இருக்கிறது. மழை பெய்தபோது நபியவர்கள் மேலாடையைச் சற்று விலக்கித் தம் மேனியில் மழைத்துளி படும்படி நின்றார்கள். காரணம் கேட்டபோது, அது தன் இறைவனிடமிருந்து இப்போதுதான் புதிதாக வந்திருக்கிறது என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். மழை வந்தால் “உள்ளே வா, சளி பிடிக்கும்” என்று மட்டுமே பிள்ளையிடம் சொல்லும் நமக்கு இதில் படிப்பினை இல்லையா?

கட்டளைகளும் உண்டு. மரம் நடுவது தர்மம் என்று சொன்ன மார்க்கம் இது. ஒரு பயணத்தில் தோழர்கள் குருவிக்குஞ்சுகளை எடுத்துவிட, தாய்க்குருவி மேலே சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபியவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அந்தத் தோழர்கள் வளர்ந்த மனிதர்கள் என்பதைக் கவனியுங்கள். பெரியவர்களிடம் பொறுப்பைப் பேசியிருக்கிறார்கள். சிறுவர் அபூ உமைரிடம் குருவியின் நலத்தை விசாரித்திருக்கிறார்கள்.

தொழுகையிலும் அப்படித்தான். ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் கண்டிப்புக் காட்டுங்கள் என்று வயதுக்கு ஏற்பப் படி வைத்திருக்கிறது மார்க்கம். ஏழு வயதுக்கு முன்னால் என்ன நடக்கிறது? அத்தா தொழும்போது குழந்தை பக்கத்தில் வந்து நிற்கிறது, ஸஜ்தாவில் முதுகில் ஏறுகிறது, தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்க்கிறது. தொழுகை அதற்கு முதலில் பிடித்துப்போகிறது. கடமை பிறகு வருகிறது.

இதே கருத்தை இன்றைய கல்வியாளர்களும் சொல்கிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1996இல் எழுதிய நூலில், சிறு வயதிலேயே உலகத்தின் அழிவுகளைப் பாடமாக ஏற்றினால் பிள்ளைகளுக்கு இயற்கையின் மீது பயமும் விலகலும்தான் வரும் என்று எச்சரித்தார். ஏறத்தாழ ஏழு வயது வரை உயிர்களோடு நெருக்கம், எட்டிலிருந்து பதினொன்று வரை சுற்றித் திரிந்து கண்டறிவது, பன்னிரண்டுக்குப் பிறகு செயலும் பொறுப்பும் என்று அவர் வரிசைப்படுத்துகிறார். நாங்கள் பன்னிரண்டு வயதுப் பாடத்தை ஏழு வயதுப் பிள்ளைக்கு நடத்திவிட்டோம்.

ஒரு சிட்டுக்குருவி செய்த வேலை

நம் நாட்டுப் பறவையியலின் பெரும் பெயர் சாலிம் அலி. 1896இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். பொம்மைத் துப்பாக்கியால் குருவி சுடுவதுதான் அவருடைய விளையாட்டு. ஒரு நாள் சுட்டு விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்று அவருக்குக் கேள்வி வந்தது. அந்தக் கேள்வி அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அழைத்துப் போனது. அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர் அந்தப் பையனை விரட்டவில்லை. “சுட்டது பாவம்” என்று முதலில் பிரசங்கமும் செய்யவில்லை. குருவியை அடையாளம் சொல்லி, கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டினார்.

அந்தப் பையன் பின்னாளில் நாடு முழுவதும் அலைந்து பறவைகளைப் பதிவு செய்தார். பரத்பூர் பறவைகள் சரணாலயம் உருவாகவும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காடு அழியாமல் நிற்கவும் குரல் கொடுத்தார். 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். தன் வரலாற்று நூலுக்கு அவர் வைத்த பெயரிலேயே அந்தச் சிட்டுக்குருவி விழுந்த சம்பவம் இருக்கிறது. வியப்பு முதலில் வந்தது. காக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் தானாக நடந்து வந்தது.

நம் மாவட்டத்து வேடந்தாங்கலும் இதையே சொல்கிறது. அங்கே பறவைகளைக் காத்தது முதலில் அரசாங்கமல்ல, ஊர் மக்கள். வெள்ளைக்கார சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் எதிர்த்தார்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவர்களுக்கு எழுத்து மூலமாக உரிமை வழங்கினார். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரியும். பறவைகள் மிரளும் என்று பட்டாசைத் தவிர்க்கும் வழக்கம் அங்கே இன்றும் உண்டு. சுற்றுச்சூழல் என்ற சொல்லே புழங்காத காலத்தில் இதைச் செய்தார்கள். பிறந்ததிலிருந்து அந்தப் பறவைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றன.

நம் வாசலில் இருப்பவை

நம் பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சிலவற்றை எழுதுகிறோம்.

முதலாவது, நம் கரைக்கு வரும் பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பெண் ஆமைகள் இரவில் கரையேறுகின்றன. பின்னங்கால்களால், திரும்பிப் பார்க்காமலே, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போல ஒரு குழி தோண்டுகின்றன. நூறு முட்டைக்கு மேலும் இடுவதுண்டு. பிறகு மணலை மூடி, தன் உடம்பையே திம்மென்று அடித்து அமுக்கி, தடயத்தை மறைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடுகின்றன. அப்போது ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழிவதைப் பார்த்து அழுகிறது என்பார்கள். உண்மையில் அது உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் ஏற்பாடு.

தாய் திரும்பி வருவதில்லை. அடைகாப்பது மணலின் சூடுதான். ஏழெட்டு வாரத்தில் குஞ்சு பொரிகிறது. மணல் அதிகம் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் மிகும், சூடு குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, யாரும் சொல்லித் தராமலே, வெளிச்சமான தொடுவானம் எந்தப் பக்கம் என்று பார்த்துக் கடலை நோக்கி ஓடுகிறது. பத்து ஆண்டுக்கு மேல் கடலில் வளர்ந்த பெண் ஆமை, தான் பிறந்த கரைப்பகுதிக்கே முட்டையிட வருகிறது. கடலாமைகள் பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து வழி கண்டுபிடிக்கின்றன என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். வழி காட்டியவன் யார் என்று பிள்ளையே கேட்கட்டும். நாம் “ஸுப்ஹானல்லாஹ்” என்று சொல்லிவிட்டு அமைதியாக இருந்தால் போதும்.

சென்னையில் மாணவர்கள் 1988இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இன்றும் பருவம்தோறும் இரவில் கரையோரம் நடந்து கூடுகளைத் தேடி, முட்டைகளைப் பாதுகாப்பான இடத்தில் வைத்துப் பொரிக்கச் செய்கிறது. அந்த நடையில் கலந்துகொண்ட பள்ளிப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இரண்டாவது, வானம். ஐந்து வேளைத் தொழுகையின் நேரங்களும் வானத்தைப் பார்த்துத்தான் வகுக்கப்பட்டன. இன்று செயலி பாங்கு சொல்கிறது, நாம் வானத்தை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். நிழல் குறுகிக் குறுகி, மறுபடி நீளத் தொடங்கும் நேரம் லுஹர் என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி ஒரு நாள் நம் ஊரில் உச்சிப்பொழுதில் குச்சிக்கு நிழலே இருக்காது. அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி நிழல் வடக்கே விழாமல் தெற்கே விழும். இதைக் கண்ட பிள்ளை மறக்காது.

பிறையும் அப்படியே. நம் ஊரில் கடல் கிழக்கே இருப்பதால் பிறையைத் தேட மேற்கே திரும்ப வேண்டும். பதினான்காம் இரவின் நிலவோ கடலிலிருந்து எழுந்து வரும். ஏன் இப்படி என்று பிள்ளை கேட்டால் உடனே விளக்கிவிடாதீர்கள். ஒரு மாதம் சேர்ந்து பார்த்து வாருங்கள்.

மூன்றாவது, கரையில் கிடைக்கும் சின்னஞ்சிறு உயிர்கள். வளைக்குள் ஓடி ஒளியும் வெள்ளை நண்டு, அலை வாங்கும்போது மணலுக்குள் புதையும் சிப்பி, மீன் காயும் இடத்தைச் சுற்றும் பருந்து. வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் வேடந்தாங்கல் போனால் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் கிளைக்குக் கிளை கூடு கட்டியிருக்கும்.

நம் ஊர்ப் பாறைச் சிற்பத்தையும் ஒரு முறை இந்தக் கண்ணோடு பாருங்கள். அவர்களின் வழிபாடு வேறு, நம் வழிபாடு வேறு. ஆனாலும் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் மானையும், பேன் பார்க்கும் குரங்குக் குடும்பத்தையும் செதுக்கியவன், மணிக்கணக்கில் மானையும் குரங்கையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறான் என்பது தெரிகிறது. அந்தப் பொறுமையைத்தான் நாம் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும்.

கேள்வி வரும்போது

வியப்பை மட்டும் காட்டி, துன்பத்தை மறைத்துவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். மறைக்கக் கூடாது, மறைக்கவும் முடியாது. கரையில் நடந்தால் இறந்த ஆமையும் கண்ணில் படும். பிள்ளை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், அதன் வயதுக்கு ஏற்ற அளவில் சொல்லுங்கள். “ஆமை நீருக்குள் வாழ்ந்தாலும் மேலே வந்துதான் மூச்சு விடும். பெரிய இழுவை வலையில் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாது. அதனால் வலையில் ஆமை தப்பிக்க ஒரு வழி வைக்கிறார்கள்” என்றால் ஏழு வயதுக்குப் போதும். “நீதான் காரணம்” என்று சொல்லாதீர்கள்.

மீனவர்களைக் குற்றவாளியாகக் காட்டும் பேச்சும் வேண்டாம். அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். கடலைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள். வலையில் சிக்கிய ஆமையை அவிழ்த்து விடும் மீனவர்களும் இருக்கிறார்கள். முடிந்தால் ஒரு பெரியவரை அழைத்து, காற்றையும் நீரோட்டத்தையும் எப்படிக் கண்டுகொள்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

2004 டிசம்பர் 26ஐ நேரில் கண்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சில வீடுகளில் நன்னி இன்றும் பேரப்பிள்ளையைக் கடற்கரைக்கு அனுப்பப் பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது, அதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் அந்த ஒரு காலைதான் கடலைப் பற்றி அந்த வீடு சொல்லும் ஒரே கதையாக இருக்க வேண்டாம். சுனாமிக்கு முந்தைய கடலைப் பற்றியும் நன்னியிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் சிறுமியாக இருந்தபோது கண்ட கரை எவ்வளவு அகலம், என்ன மீன் வந்தது, நிலா வெளிச்சத்தில் என்ன விளையாடினார்கள் என்று பேச்சு நீளும்.

பிறகு நடந்தது

அந்தத் தாய் வந்து போன பிறகு படங்களை எடுத்து வைத்துவிட்டோம். அடுத்த ஆமைப் பருவத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் சுப்ஹு தொழுகைக்குப் பிறகு, பெற்றோரோடு பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போனோம். எந்தப் பாடமும் நடத்துவதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம். எங்களில் சிலருக்கு அது நோன்பைவிடக் கடினமாக இருந்தது.

முதல் மூன்று வாரம் ஆமைத் தடமே இல்லை. பிள்ளைகள் நண்டைத் துரத்தினார்கள், சூரியன் எழும் இடம் வாரத்துக்கு வாரம் நகர்கிறதா என்று பந்தயம் கட்டினார்கள். அந்தப் பையன் முதல் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, தண்ணீரிலிருந்து தள்ளியே நின்றான். நண்டு வளை ஒன்றின் முன்னால் உட்கார்ந்தவன் எழவே இல்லை.

நான்காம் வாரம் தடம் கிடைத்தது. டிராக்டர் சக்கரம் போனது போல, கடலிலிருந்து மேலே ஏறி, வளைந்து, மறுபடி கடலுக்கே இறங்கிய தடம். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். அந்தப் பையன் தடத்தின் பக்கமாகவே கடல் வரை நடந்து போனான். அலை தடத்தை அழித்திருந்த இடத்தில் நின்று, “இது இப்போ எங்கே இருக்கும்?” என்று கேட்டான். எங்களுக்குத் தெரியாது என்று சொன்னோம். அவனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது போலத் தெரிந்தது.

அவன் பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டோம். செத்த ஆமைப் பேச்சு வந்தால் இன்றும் எழுந்து போய்விடுகிறான். ஆனால் இரவில் விழித்து அழுவதில்லை என்று தாய் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை சுப்ஹுக்கு அத்தாவை எழுப்புவது அவன்தானாம். கரையைச் சுத்தம் செய்வது பற்றி இவ்வளவு நாள் நாங்கள் வாய் திறக்கவில்லை. பெரிய பையன்கள் இரண்டு பேர், கூடு இருந்த இடத்தைச் சுற்றிக் கிடந்த வலைத் துண்டுகளைப் பொறுக்கலாமா என்று அவர்களாகவே கேட்டார்கள். அதற்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தோம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. வாரத்தில் ஒரு நாளாவது, அரை மணி நேரம், கைபேசி இல்லாமல் பிள்ளையோடு வெளியே இருங்கள். மாடி, முற்றம், பள்ளிவாசல் தோட்டம், கடற்கரை எதுவானாலும் சரி.

2. பிள்ளை ஒன்றைக் காட்டினால் குனிந்து பாருங்கள். உங்களுக்குப் பெயர் தெரியாவிட்டால் “தெரியாது, சேர்ந்து கண்டுபிடிப்போம்” என்று சொல்லுங்கள்.

3. மொட்டை மாடியில் ஒரு சட்டித் தண்ணீர் வையுங்கள். எந்தப் பறவை எந்த நேரத்தில் வருகிறது என்று பிள்ளை குறித்து வைக்கட்டும். தண்ணீர் நிரப்பும் பொறுப்பும் அதனுடையதே.

4. உயிருள்ள எதையும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர விடாதீர்கள். ஆமைக் கூட்டைத் தொடக் கூடாது, ஆமை மீது விளக்கோ கைபேசி வெளிச்சமோ அடிக்கக் கூடாது. கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

5. நம் கடலில் நீரோட்டம் வலிது. பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். பெரியவர் துணையில்லாமல் அனுப்பவும் வேண்டாம்.

6. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் பொறுப்பைப் பேசுங்கள். வீண்விரயம், ஒளுவில் தண்ணீரின் அளவு, நெகிழிப் பை, கந்தூரி விருந்துகளில் மிச்சமாகும் சாப்பாடு என்று நம் வீட்டிலிருந்தும் ஜமாஅத்திலிருந்தும் தொடங்குங்கள். அந்தப் பேச்சைக் கேட்கும் மனது முன்பே தயாராகியிருக்கும்.

குடும்பத்தோடு பேச மூன்று கேள்விகள்

நாம் சிறு வயதில் பார்த்து வியந்த உயிர் எது, அது இன்றும் நம் ஊரில் இருக்கிறதா? நம் பிள்ளை கடைசியாக எதைப் பார்த்து “இங்கே வந்து பாருங்க” என்று கூப்பிட்டது, அப்போது நாம் போனோமா? பிறையைக் கடைசியாக நம் கண்ணால் பார்த்தது எப்போது?

இன்ஷா அல்லாஹ், இந்தப் பருவத்திலும் ஞாயிறு காலை நடை உண்டு. நாள், நேரம் ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிக்கப்படும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாமல், நீங்களும் வாருங்கள். பெரியவர்கள் குனிந்து பார்ப்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகளும் குனிகிறார்கள்.

அல்லாஹ் தன் படைப்புகளைக் கண்டு சிந்திக்கும் கண்களை நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தருவானாக. அவற்றை நம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகக் காக்கும் வலிமையையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.